கராஜுக்குள் ஆரஞ்சுப் பூக்கள்

பேய் அலங்காரம் செய்து கொண்டாடும் ஹாலோவீனுக்கு வாசலில் ஒரு பூசணிக்கு மேல் வைக்கக் கூடாதென்று எங்கள் குடியிருப்புச் சங்கம் இந்த வருடம் சட்டம் போட்டது. போட்டவர் தலைவர் ராண்டல். வாசல்தானே உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் கராஜுக்குள் இறங்கிவிட்டேன்.

பிளாஸ்டிக் எலும்புக்கூடுகள் உட்கார்ந்து டி.வி. பார்க்க, எழுபதுகளின் வரவேற்பறை ஒன்றை அமைத்தேன். அந்தக் காலத்துப் பூப்போட்ட சுவர்க்காகிதத்தை இன்று வாங்குவதென்றால் சொத்தை எழுதிக்கொடுக்க வேண்டும். அதனால் பார்சல் சுற்றும் பழுப்புக் காகிதத்தைச் சுவரெங்கும் ஒட்டினேன். பாத்திரம் தேய்க்கும் பஞ்சைப் பூவாக வெட்டி, நிறம் பிடிக்காமல் யாரோ கடையில் திருப்பிக் கொடுத்த ஆரஞ்சுப் பெயிண்டில் தோய்த்து அச்சடித்தேன். பூக்கள் கோணிக்கொண்டன. பேய் வீட்டுக்கு அதுவே அழகு.

ஹாலோவீன் மாலை கதவைத் தூக்கியதும் தெருப் பிள்ளைகள் மொய்த்தார்கள். பின்னாலேயே ராண்டலும் வந்தார்.

"டெல்ஃபின், கதவை மூடுங்க. கார் போகும்போதும் வரும்போதும் மட்டும்தான் கராஜ் திறந்திருக்கலாம். ரூல் தெரியும்ல?"

"தெரியாமயா? அதான் கார் போய்க்கிட்டிருக்கே."

ஓரமாகப் பாதி வெளியே நின்ற என் காரை அவர் அப்போதுதான் பார்த்தார். தொப்பி போட்ட எலும்புக்கூடு ஒன்று இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தது.

"என்ன விளையாட்டு இது? கார் நகரவே இல்லையே!"

"வயசானவரு, மெதுவாத்தான் ஓட்டுவாரு. மெதுவா ஓட்டக் கூடாதுன்னு ரூல் இருந்தா எடுத்துட்டு வாங்க. இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க ராண்டல், வண்டிக்கு முன்னால நிக்கிறீங்க."