ஷாரோன் கேட்ட அரையாண்டு லீவு

அரையாண்டுப் பரீட்சை முடிந்து புதுப்பட்டினத்துப் பிள்ளைகள் எல்லாம் தெருவுக்கு வந்துவிட்ட அன்று, ஜெசிந்தாவின் வீட்டில் மட்டும் பாடம் நடந்துகொண்டிருந்தது. பாடம் என்று அவள் சொல்லமாட்டாள். கிறிஸ்மசுக்கு அச்சு முறுக்கு மாவு கரைக்கிறோம் என்றுதான் சொல்லுவாள். ஆனால் மாவு ஒரு பங்கு என்றால் தேங்காய்ப்பால் எத்தனை பங்கு, அதில் முக்கால்வாசி மட்டும் செய்தால் சர்க்கரை எவ்வளவு என்று மாவோடு சேர்ந்து கேள்விகளும் கரைந்துகொண்டிருந்தன.

ஷாரோனுக்குப் பதினோரு வயது, தம்பி சாலமோனுக்கு எட்டு. கொரோனாவில் மூடிய பள்ளிக்கூடத்தை மறுபடி திறந்தபோது, போகமாட்டேன் என்று ஷாரோன் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். இழுத்துப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். தனியார் பள்ளியில் டீச்சராக இருந்த ஜெசிந்தா வேலையை விட்டுவிட்டு, ஒரு வருஷம் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்துப் பார்ப்போம் என்றாள். அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை.

தெருவில் எதிர்வீட்டுப் பூங்கொடியின் பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டு கத்துகிற சத்தம் கேட்டது. ஷாரோன் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, நமக்கு எப்ப லீவு?"

"நமக்கு எல்லா நாளும் லீவு மாதிரிதானேடி. காலைல அஞ்சு மணிக்கு எழுப்புறனா, யூனிபார்ம் போட சொல்றனா?"

"அப்ப எல்லா நாளும் ஸ்கூல் மாதிரியும்தானே," என்றான் சாலமோன்.

நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் புருஷன் மோசஸுக்குச் சிரிப்பில் இட்லி புரையேறியது. மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் எலெக்ட்ரீஷியன் அவன். டிசம்பர் வந்தால் அவனுக்கு மூச்சு விட நேரமிருக்காது.

"இன்னா சிரிப்பு?" என்றாள் ஜெசிந்தா.

"புள்ள கேக்குறது கரெக்ட்டுதானே. நேத்து வாசல்ல ஸ்டார் கட்டச் சொன்ன. கட்டினாங்க. அப்புறம் சீரியல் செட்ல ஒரு பல்ப் போனா ஏன் மத்தது எரியலன்னு ஒரு மணி நேரம் கேட்ட. எனக்கே பேஜாரா ஆய்டுச்சு. நான் அதுக்கு சம்பளம் வாங்குறவன்."

"கிறிஸ்மஸ் குடில் வைக்க சொன்னாங்க," என்று ஷாரோன் தொடர்ந்தாள். "ஒட்டகம் எத்தனை நாள் தண்ணி இல்லாம இருக்கும்னு கேட்டாங்க. ஒட்டகத்த வைக்கிறதுக்குள்ள இருட்டிடுச்சு."

முடிவில் லீவு விடப்பட்டது. புது வருஷம் பிறக்கிற வரைக்கும் அம்மா எதையும் சொல்லித்தரக் கூடாது, எதையும் கேட்கக் கூடாது. மறந்துபோய்ச் சொல்லித்தந்தால் ஒவ்வொரு தடவைக்கும் லீவு ஒரு நாள் நீளும். இந்தச் சட்டத்தைப் போட்டவள் ஷாரோன். சாலமோன் அதற்குப் போலீஸ். இதில் என்ன கஷ்டம் இருக்கிறது என்று நினைத்து ஜெசிந்தா ஒப்புக்கொண்டாள். மத்தியானத்துக்குள் லீவு மூன்று நாள் நீண்டிருந்தது.

சாயங்காலம் போன் வந்தது. பேசியது மோசஸின் அக்கா புஷ்பராணி. மதுராந்தகம் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஹெச்.எம். "இந்த வாட்டி கிறிஸ்மசுக்கு அங்க வரேன்டா," என்றாள். ஜெசிந்தா உடனே காலண்டரைப் பார்த்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை என்று தெரிந்த நாளில், "புள்ளைங்கள ஆடு மாடு மாதிரி அவுத்து வுட்டுட்டியா" என்று கேட்டவள் அண்ணி. அதற்குப் பிறகு எத்தனையோ கல்யாணங்களில் பார்த்துக்கொண்டார்கள். புடவை நல்லாயிருக்கிறது என்பதைத் தாண்டிப் பேச்சு போனதில்லை. ஒருநாள் அண்ணி வருவாள், பிள்ளைகளைக் கேள்வி கேட்பாள், அவர்கள் பொரிந்து தள்ளுவார்கள், அண்ணி வாயடைத்துப் போவாள் என்று ஜெசிந்தா துணி காயப்போடும்போதெல்லாம் கற்பனை செய்திருந்தாள்.

"ஷாரோன், கண்ணு, இந்த லீவ ஜனவரிக்கு தள்ளி வச்சிக்கலாமா?"

"அதெப்டிம்மா முடியும். அறிவிச்ச லீவ யாராவது திருப்பி வாங்குவாங்களா?"

கிறிஸ்மசுக்கு முந்தின நாள், செங்கல்பட்டில் பஸ் மாறி, திருக்கழுக்குன்றம் வழியாக வந்து இறங்கினாள் புஷ்பராணி. ஒரு கையில் கேக் டப்பா, இன்னொரு கையில் போன். போன் நிமிஷத்துக்கு ஒரு தரம் டிங் என்றது. சாப்பிட்டுக் கை கழுவியவள் நேராக சாலமோனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள்.

"ஏழெட்டு எவ்ளோடா?"

"லீவு அத்தை."

"லீவுன்னா?"

"லீவுல சொல்லக் கூடாது. ஜனவரில வாங்க, சொல்றேன்."

புஷ்பராணி ஜெசிந்தாவைப் பார்த்தாள். ஜெசிந்தா கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்த்தாள்.

"நீ சொல்லு ஷாரோன். தமிழ்நாட்டுல எத்தனை மாவட்டம்?"

"தெரியும் அத்தை. ஆனா லீவு."

"என் ஸ்கூல்ல தெரியாத பசங்க எல்லாம் இதத்தான் சொல்லுவாங்க. தெரியும் டீச்சர், நாளைக்கு சொல்றேன்னு."

"அண்ணி, நெஜமா அதுங்களுக்குத் தெரியும்," என்றாள் ஜெசிந்தா. தன் குரல் தனக்கே பொய் மாதிரி இருந்தது. அண்ணி தலையை மட்டும் ஆட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று பூராவும் ஜெசிந்தா தந்திரம் பண்ணிப் பார்த்தாள். முறுக்குத் தட்டை அண்ணி காதில் விழுகிற இடத்துக்கு நகர்த்தி, "சாலமோன், ஒரு வரிசைக்கு ஏழு, எட்டு வரிசை கீது பாரு," என்றாள். "ஒரு நாள் ஏறிடுச்சு," என்றான் அவன், முறுக்கை வாயில் போட்டுக்கொண்டே. கிறிஸ்மஸ் அன்று விடியற்காலை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நின்றபோது, தூரத்தில் தெரிந்த கலங்கரை விளக்கைக் காட்டி ஷாரோனிடம் என்னமோ ஆரம்பித்தாள். அதற்கும் ஒரு நாள். பிரியாணி தின்று முடிக்கிறபோது லீவு பொங்கலைத் தொட்டுவிட்டது. புஷ்பராணி ஒரு பக்கம் போனில் கட்டைவிரலால் எதையோ தட்டிக்கொண்டு, இன்னொரு பக்கம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் மோசஸ் ரிசார்ட்டுக்குப் போய்விட்டான். ஜெனரேட்டர் மக்கர் பண்ணுகிறதாம். "வூட்ல குந்திக்கினு ஒருத்தர் மூஞ்ச ஒருத்தர் பாக்காதீங்க. அக்காவ மாபலிபுரம் இட்டுனு போ," என்று சொல்லிவிட்டுப் போனான். நால்வரும் பஸ் ஏறினார்கள்.

ஊரே அங்கேதான் இருந்தது. வேன்களும் பஸ்களும் சாலையை அடைத்துக்கொண்டு நிற்க, ஐந்து ரதம் இருக்கும் இடத்தில் கல்லை விட ஜனம் அதிகம். உள்ளே நுழைந்ததும் புஷ்பராணியின் போன் செத்தது. அத்தனை கூட்டத்தில் சிக்னல் கிடைக்கவில்லை.

"சாயங்காலத்துக்குள்ள ஸ்கூல் விவரம் ஒண்ணு அப்லோடு பண்ணணும்," என்றாள். லீவிலா என்று சாலமோன் கேட்டான். அவள் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேண்டுதல் மாதிரி ரதங்களைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். பிள்ளைகள் கல் யானையின் தும்பிக்கைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடப் போனார்கள். ஜெசிந்தா தனியாக நின்றாள்.

அவள் தொண்டையில் நாலு நாள் பாடம் அடைத்துக்கொண்டிருந்தது. யானை கண்முன்னே நின்றது. கேட்பதற்கு ஆளில்லை.

அப்போது பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "ஏம்மா, இத எப்டிம்மா கட்டிருப்பாங்க?" என்று கேட்டார். சேலத்திலிருந்து குடும்பமாக வேனில் வந்தவர்.

சட்டம் பிள்ளைகளுக்குத்தான். சேலத்துக்காரர்களைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

"கட்டவே இல்லைங்க," என்றாள் ஜெசிந்தா. "செதுக்கினது. இங்க ஒரு பெரிய பாறை இருந்துது. மேல உச்சில ஆரம்பிச்சி கீழ வந்திருக்காங்க. அதோ அந்த ரதத்துல பாருங்க, மேல எல்லா வேலயும் முடிஞ்சிது, கீழ அப்டியே வுட்டுட்டாங்க."

பெரியவர் "அடேங்கப்பா" என்று தன் வீட்டாரைக் கூப்பிட்டார். அவர்கள் வந்தார்கள். யாரோ ஏதோ சொல்கிறார்கள் என்று இன்னொரு கூட்டம் வந்தது. பின்னால் இருந்த ஒரு பெண் சத்தமாகச் சொல்லும்படி கேட்டாள். ஜெசிந்தா ஒரு கல்லின் ஓரத்தில் ஏறி நின்றாள். ஓலைக் குடிசை மாதிரி கூரை வைத்த ரதத்தைக் காட்டி, அந்தக் காலத்து மர வீடுகளைப் பார்த்துத்தான் கல்லில் இப்படிச் செய்தார்கள் என்றாள். கேள்வி கேட்டாள். பதில் சொன்னவர்களைப் பாராட்டினாள். தப்பாகச் சொன்ன ஒரு மாமாவை, "பரவாயில்ல, யோசிச்சி சொல்லுங்க," என்று தட்டிக்கொடுத்தாள். அவள் முகத்தில் நாலு நாளாக இல்லாத வெளிச்சம் வந்திருந்தது.

"யக்கா, கொஞ்சம் எறங்கு."

கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் ஆள் நின்றிருந்தான். கோதண்டராமன் என்று அட்டையில் இருந்தது. கைடு.

"நாங்கள்லாம் பரீட்சை எழுதி கார்டு வாங்கிக்கீறோம். காலைலருந்து தொண்ட தண்ணி வத்த நின்னுகினுகீறேன். நீ பாட்டுக்கு ஓசில சொல்லிக்கினு இருந்தா எங்க பொழப்பு இன்னா ஆவுறது? கார்டு கீதா உங்கிட்ட?"

"இல்லைங்க, நான் கைடு இல்ல, சும்மா..."

"சும்மா சொல்றவங்கதான் இங்க ஜாஸ்தி."

"அந்தம்மா நல்லாத்தான சொல்லுது, வுடுப்பா," என்றார் சேலத்துப் பெரியவர். அது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்டது போல ஆயிற்று. கோதண்டராமன் இன்னும் ரெண்டு கைடுகளைக் கைதட்டிக் கூப்பிட்டான். ஜெசிந்தா கல்லிலிருந்து இறங்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வேர்த்துப் போனாள். சத்தம் கேட்டுப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள்.

"அண்ணா, எங்கம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள் ஷாரோன். "தப்பு எங்களுது. வூட்ல எங்களுக்கு லீவு வுட்டுட்டாங்க. பாடம் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டோம். நாலு நாளா அடக்கிக்கினு இருந்தாங்க."

கோதண்டராமன் அவளையும் ஜெசிந்தாவையும் மாறி மாறிப் பார்த்தான். "அடக்கிக்கினு இருந்தாங்களா?" என்று கேட்டான். உதட்டோரம் சிரிப்பு துடித்தது. ஆனாலும் கோபத்தை விட மனமில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு புஷ்பராணி வந்து சேர்ந்தாள். இருபது வருஷம் மைதானத்தில் பிள்ளைகளை அதட்டிய குரல் அவளுக்கு.

"இன்னாப்பா தகராறு? இது என் தம்பி பொண்டாட்டி. கைடு இல்ல. டீச்சரு."

ஜெசிந்தா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாயிலிருந்து தன்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை.

"டீச்சருன்னா சரி," என்றான் கோதண்டராமன், கொஞ்சம் இறங்கி. "ஆனா யக்கா, குடிசை ரதம் வரைக்கும் நீ சொல்லிட்ட. மிச்சத்த நான் பாத்துக்குறேன்." சேலத்துக்காரர்களை அவன் கூட்டிக்கொண்டு போனான். போகும்போது பெரியவர் ஜெசிந்தாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

பிள்ளைகளைக் கடற்கரையில் கண்ணுக்கெட்டுகிற தூரத்தில் விளையாட விட்டுவிட்டு, இரண்டு பேரும் மாங்காய்த் துண்டு வாங்கிக்கொண்டு மணலில் உட்கார்ந்தார்கள்.

"நான் பின்னால நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன்," என்றாள் புஷ்பராணி. "உனக்கு சொல்லித்தரதுன்னா அவ்ளோ இஷ்டம் இல்ல?"

"சின்ன வயசுலருந்தே அண்ணி."

"எனக்கும் இருந்துது. இப்ப நான் கிளாஸ்ல நின்னு முழுசா ஒரு பாடம் எடுத்து எவ்ளோ காலம் ஆச்சோ. மீட்டிங் போறேன், சத்துணவு முட்டை எண்றேன், அப்லோடு பண்றேன்." மாங்காயில் மிளகாய்ப்பொடி அதிகம். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அதுக்காக நீ பண்றது சரின்னு நான் சொல்ல வரல. புள்ளைங்களுக்குப் புள்ளைங்க வேணும். பூங்கொடி வூட்டுப் பசங்க கத்துறப்பல்லாம் உன் பொண்ணு ஜன்னலண்ட போய் நிக்கிது. நீ பாத்தியா?"

ஜெசிந்தா பார்த்திருந்தாள். பார்க்காத மாதிரி இருந்திருந்தாள். "எனக்கும் அந்தக் கவல கீது அண்ணி," என்றாள் மெதுவாக. இதை அவள் மோசஸிடம்கூடச் சொன்னதில்லை. "சாயந்திரத்துல கூட்டு சேந்து வெளையாட வுடலாம்னு கீறேன். அதுக்கப்புறம் என்னான்னு தெரியல."

"ஒரு நாள் என் ஸ்கூலுக்கு வா. இந்தக் கல்லு கத எல்லாம் எங்க பசங்களுக்கு சொல்லு. இதுங்களயும் இட்டுனு வா."

சரி என்றாள் ஜெசிந்தா.

திரும்புகிற பஸ்ஸில் எப்படியோ இடம் கிடைத்தது. புதுச்சேரி பஸ். புதுப்பட்டினத்தில் இறங்க வேண்டும். ஷாரோன் அத்தை பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அவ்ளோ வேலை பண்ணிட்டு ஏன் அத்தை பாதில வுட்டுட்டு போனாங்க?" என்று தானாகவே கேட்டாள். ராஜா செத்துப்போயிருப்பார் என்றாள் புஷ்பராணி. அப்படியென்றால் அடுத்த ராஜா ஏன் முடிக்கவில்லை என்றாள் ஷாரோன். அவருக்கு வேறு ஊரில் வேலை இருந்திருக்கும் என்றாள் அத்தை. அதெப்படி, வேலை செய்தவர்களுக்குத்தானே கோபம் வந்திருக்கும், சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டார்கள் என்றாள் ஷாரோன். புஷ்பராணி ஒத்துக்கொள்ளவில்லை. போன் கைப்பைக்குள் டிங் டிங் என்று அடித்தது. எடுக்க அவளுக்கு நேரமில்லை.

ஜெசிந்தாவுக்கு இதைப் பற்றி நிறையத் தெரியும். வாயைத் திறக்கப் போனாள். காற்று முகத்தில் அடித்தது. நாலு நாள் முறுக்கும் பிரியாணியும் ஆராதனையும் சேர்ந்து கண்ணை அழுத்தின. சாலமோன் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். அவளும் தூங்கிவிட்டாள்.

கண்டக்டர் தட்டி எழுப்பியபோது பஸ் கூவத்தூரில் நின்றது. புதுப்பட்டினம் வந்ததும் போனதும் ஒருவருக்கும் தெரியவில்லை. அங்கே இறங்கவேண்டிய நால்வரில் இரண்டு பேர் விழித்துக்கொண்டுதான் வந்திருந்தார்கள். ஆனால் ராஜா செத்தாரா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை.

மோசஸுக்குப் போன் போட்டுவிட்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். சூடான பஜ்ஜி வந்தது. அவன் ரிசார்ட் வேனை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தபோது, அக்காவும் மகளும் தட்டில் மிளகாய் பஜ்ஜி ஒன்றை நிற்கவைத்து, உச்சியிலிருந்து கீழே எப்படிச் செதுக்குவது என்று கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா ஆச்சு இவங்களுக்கு?" என்றான் மோசஸ்.

"தெரியல," என்றாள் ஜெசிந்தா. "நான் தூங்கிட்டேன்." இன்னொரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டு அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.