பாட்டனின் பெயர்

அகதியாக வந்த நாட்டில், சான்ட்ரிங்ஹாம் பகுதியில், ஜெயரட்ணத்துக்குத் தன் வீட்டில் வாடகைக்கு இடம் கொடுத்தவர் மிஸிஸ் ரோசன்தால் ஒருவர்தான். மற்றவர்கள் எல்லோரும் அவர் முகத்தைக் கண்டதுமே "இப்போதுதான் வேறொருவருக்குக் கொடுத்தோம்" என்று கதவைச் சாத்தியிருந்தார்கள். எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் பறிகொடுத்து வந்தவருக்கு அது அடிமேல் அடி. மிஸிஸ் ரோசன்தால் ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண்மணி, எழுபதைத் தாண்டியவர். ஒரு கேள்வியும் கேட்காமல் சாவியை நீட்டினார்.

மூன்று வருடம் கழித்து அதே வீட்டின் பின்னறை காலியானது. சன்னலில் தொங்கிய அட்டையைப் பார்த்து, ஒரு சனிக்கிழமை, கையில் பையோடு ஒரு தமிழர் வந்து நின்றார். முப்பது வயதிருக்கும். பக்கத்து ஏவன்டேலில் ஒரே அறையில் ஐந்து பேரோடு படுத்து எழும்புகிறாராம்.

"உங்கள் ஆள்தானே, நீங்களே விசாரியுங்கள். உங்களுக்குச் சரியென்றால் அறை அவருக்குத்தான்" என்று மிஸிஸ் ரோசன்தால் பொறுப்பை ஜெயரட்ணத்திடம் விட்டுவிட்டார்.

ஓடி வரும்போது எதையெதையோ போட்டுவிட்டு வருகிறோம். இந்த விசாரணை மட்டும் விசா இல்லாமலே கூட வந்துவிடுகிறது.

"தம்பி எவடம்?"

"கொடிகாமம்."

"கொடிகாமத்தில எவடம்? எந்தக் கோயிலடி?"

வந்தவர் சொன்னார்.

"பாட்டனார் ஆர்? என்ன செய்தவர்?"

பாட்டன் பெயரையும் தொழிலையும் வந்தவர் குரலைத் தாழ்த்தாமல் சொன்னார். ஜெயரட்ணம் "ஓகோ" என்றார். சமைக்கிற குசினி எல்லோருக்கும் பொதுவாச்சே என்று அவர் மனம் ஓடியது. மனம் ஓடியது முகத்தில் தெரிந்துவிட்டது.

"விளங்குது அண்ணை. நான் வாறன்." வந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார்.

மிஸிஸ் ரோசன்தால் கூடத்திலிருந்து எழுந்து வந்தார். "ஏன் போகிறார்? நான் யூதப் பெண் என்று தெரிந்துவிட்டதா?"

ஆமென்று தலையை ஆட்டினால் போதும், தப்பிவிடலாம். ஜெயரட்ணத்தின் தலை ஆடவும் பார்த்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா என்று வந்தது அவருக்கு.

"இல்லை. பாட்டன் யாரென்று நான் கேட்டேன். எங்கள் ஆட்கள் சாதி பார்ப்பது அப்படித்தான்."

மிஸிஸ் ரோசன்தால் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என் அப்பா பள்ளி ஆசிரியர். முதல் போரில் ஜெர்மனிக்காகக் காலில் குண்டு வாங்கியவர். யூதர்களின் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் ஜெர்மனியில் வந்த சட்டம் அதையெல்லாம் கேட்கவில்லை. பாட்டன் பாட்டி யார் என்று மட்டும் கேட்டது. குடியுரிமை போனது, ஓட்டு போனது, வேலை போனது. பிறகு, யூதர்களை வாடகை வீட்டிலிருந்து எழுப்பலாம் என்று இன்னொரு சட்டம். எங்களை எழுப்ப வந்த வீட்டுக்காரர் அப்பாவோடு சீட்டாடுகிறவர். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்."

ஜெயரட்ணம் கூனிக் குறுகிப் போனார். அந்த வீட்டுக்காரருக்காவது ஒரு சட்டம் வேண்டியிருந்தது. தனக்கு அதுவும் வேண்டியிருக்கவில்லையே என்று நினைக்க நினைக்க அவமானமாக இருந்தது.

மிஸிஸ் ரோசன்தால் சன்னலைத் திறந்தார். வந்தவர் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"தூரம் போகவில்லை. கூப்பிடுங்கள். அவர் பெயர் என்ன?"

அந்த மனிதரின் ஊர் ஜெயரட்ணத்துக்குத் தெரியும். கோயில் தெரியும். பாட்டன் பெயரும் தெரியும். அவருடைய பெயரை மட்டும் ஜெயரட்ணம் கேட்கவேயில்லை.