மாமனார் படுத்த பாய்

கெசியா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கல்யாணத்துக்கு முன்னால் மாவட்டக் கபடி அணியில் ஆடியவள். மகள் ஜாய்சி பிறந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஒருநாள் டவுண் பஸ்ஸில் ஒரு அக்கா எழுந்து இடம் கொடுத்து, எத்தனாவது மாசம் என்று கேட்டாள். கெசியா, ஆறாவது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள். பாளை பஸ் ஸ்டாண்ட் வரை சொகுசாகத்தான் போனாள். இறங்கியதும்தான் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தில் வீட்டுக்கு வந்து, பழைய பழக்கத்தில் மடமடவென்று முப்பது சிட்-அப் எடுத்தாள். வயிற்றின் நடுவே ஒரு வரப்பு மாதிரி புடைத்து எழுந்தது. பயந்துபோய், கூடப் படித்த பிசியோதெரபிஸ்ட் ரீபாவிடம் ஓடினாள். ரீபா தொப்புளுக்கு மேல் விரல்களை வைத்து அழுத்திப் பார்த்தாள். நடுவில் தசை இரண்டரை விரல் விலகியிருக்கிறது, இப்போதைக்கு சிட்-அப் பக்கமே போகாதே என்று திட்டினாள். மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, மூச்சை ஊதிக்கொண்டே வயிற்றைப் பைய உள்ளே இழுக்க வேண்டும். பிள்ளையைத் தொடையில் சாய்த்துக்கொண்டால் அதற்கும் விளையாட்டு. எழும்போது நேராக எழக் கூடாது, ஒருக்களித்துத்தான் எழ வேண்டும்.

மறுநாள் கெசியா கூடத்தில் ஃபேனுக்கு நேர் கீழே பாயை விரித்தாள். மடித்த தொடையில் சாய்ந்திருந்த ஜாய்சி, அம்மா "ஃபூ" என்று ஊதியதும் கெக்கலித்துச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து மாமனார் எலியேசர் உள்ளே வந்தார். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், சபையில் கமிட்டி மெம்பர். நாலு பேர் வந்து போகும் இடத்தில் இதென்ன கோலம் என்றார். அறைக்குள் வைத்துக்கொள்ளச் சொன்னார். அறை ஃபேன் பெயருக்குத்தான் சுற்றும். கணவன் சுபினிடம் சொல்லலாம் என்றால், தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். கெசியா பாயைச் சுருட்டினாள்.

அதிலிருந்து தினமும் காலையில் மூடிய கதவுக்குப் பின்னால் பிள்ளை சிரிக்கும் சத்தம் கேட்கும். எலியேசருக்குப் பொறுக்கவில்லை. அவரைக் கண்டு பேத்தி ஒருநாளும் சிரித்ததில்லை. கிலுகிலுப்பை ஆட்டினார், மீசையை முறுக்கிக் காட்டினார், ஓய்வுநாள் பள்ளிப் பாட்டெல்லாம் பாடினார். கையெழுத்து இல்லாத மனுவைப் பார்க்கும் அதிகாரி போல ஒரு பார்வை பார்த்துவிட்டு ஜாய்சி முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை கெசியா மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கியபோது, கூடத்தில் "ஃபூ, ஃபூ" என்று சத்தம். பாயில் மாமனார் மல்லாந்து கிடந்தார். முட்டியை மடக்கி, தொடையில் பேத்தியைச் சாய்த்திருந்தார். ஜாய்சி சிரித்த சிரிப்பில் எச்சில் ஒழுகி அவர் வயிறெல்லாம் ஈரம். கெசியா சத்தம் காட்டாமல் சுவரோரம் நின்று பார்த்தாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. சபைப் போதகர் வருவதாகச் சொல்லியிருந்தது அப்போதுதான் எலியேசருக்கு நினைவு வந்தது. விருட்டென்று எழப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டது.

"எம்மா, பிள்ளையைப் பிடி. என்னையும் தூக்கிவிடு."

கெசியா பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டாள்.

"என்ன மாமா செய்யுதிய, நாலு பேர் வந்து போற இடத்துல?"

"பிள்ளை சிரிக்கட்டும்னுதான். அவர் கேட்டைத் திறக்காரு, சீக்கிரம்."

"நாளையிலிருந்து நான் இங்கன ஃபேனுக்கு அடியிலதான் பாய் விரிப்பேன்."

அவர் வாசலையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார். "விரி" என்றார்.

"பைய ஒருக்களிச்சுப் படுங்க. கையை ஊனுங்க. இப்ப எந்திரிங்க."

போதகர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, எலியேசர் முதுகில் பதிந்த பாய்க் கோடுகளைத் துண்டால் மூடிக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கெசியா சிரிப்பை அடக்க அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரத்திலிருந்து கூடத்தில் இரண்டு பாய் விழுந்தது. நடுவில் கிடக்கும் ஜாய்சி, யார் முதலில் ஊதுவார்கள் என்று இரு பக்கமும் பார்ப்பாள். இரண்டு மாதம் கழித்து ரீபா வீட்டுக்கு வந்து கெசியாவை அழுத்திப் பார்த்தாள். இடைவெளி ஒரு விரலுக்கு வந்திருந்தது. எலியேசரும் பக்கத்தில் வந்து நின்று, தனக்கும் ஒரு தடவை பார்க்கச் சொன்னார். ரீபா மரியாதையாகவே அழுத்திப் பார்த்தாள்.

"உங்களுக்கு விலகலெல்லாம் ஒண்ணுமில்ல அங்கிள். இது முழுக்கச் சாப்பாடுதான்."

அன்று சாயங்காலம் எலியேசர் மூன்று தோசையோடு எழுந்துவிட்டார். அவருக்கென்று சுட்டிருந்த மிச்சம் இரண்டையும் கெசியா சட்னி தொட்டு நிதானமாகச் சாப்பிட்டாள்.