மூடி திறக்காத நான்கு நாட்கள்

உணவுக்கூடத்தின் பின்னறையில், பாத்திரம் கழுவும் தொட்டிகளை ஒட்டி என் பீப்பாய் நிற்கிறது. கழுவிய நீரோடு வரும் மாவும் எண்ணெயும் பழச்சாறும் அதற்குள் போகும். காற்றுப் படாத இருட்டில் நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்று மீத்தேன் விடும். அது குழாய் வழியே ஒரு ரப்பர் பையில் சேரும். மாலை வகுப்பில் படித்தது இவ்வளவுதான். செய்துகாட்டுகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்துவிட்டேன். சமையல் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் என் அக்கா மேலாளரிடம் எனக்காகப் பேசினாள். வெள்ளிக்கிழமைக்குள் அடுப்பு எரியாவிட்டால் பீப்பாயைத் தூக்கிவிட வேண்டும் என்றார் அவர். அதற்குப் பிறகு தங்கை பேச்சையே எடுக்கக் கூடாது என்றும் சொன்னாராம்.

திங்கள் காலை பை சப்பையாகக் கிடந்தது. புளிப்பை அளக்கும் பிஎச் தாள் ஆறு புள்ளி நான்கு காட்டியது. ஏழுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். உள்ளே புளித்துக்கொண்டிருக்கிறது. என் நோட்டைப் புரட்டித் தவறைத் தேடினேன். வெப்பம், நிறம், வாசனை, நுரை எல்லாம் நேரம் போட்டு எழுதியிருந்தேன். எதை விட்டேன் என்று புரியவில்லை.

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கினாள். படிக்கவில்லை, வரிகளை விரலால் எண்ணினாள்.

“ஒரு நாளைக்குப் பதினொரு தடவை மூடியைத் திறந்திருக்க.”

“சரியா இருக்கான்னு பாக்கத்தான்க்கா.”

“குக்கரை இப்படித் திறந்து திறந்து பாத்தா என்னடி வேகும்? உள்ள இருக்குறதுங்க பாவம், கொஞ்சம் நிம்மதியா சாப்பிட விடு.”

என் முகம் சுருங்கிப்போயிற்று. காற்று ஆகாது என்று வகுப்பில் மூன்று முறை அடிக்கோடிட்டவள் நான். புளிப்பு அடங்கச் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினேன். புதிய கழுவுநீரை நிறுத்தினேன். மூடியின் நட்டுகளை இறுக்கினேன். அக்கா ஸ்பேனரை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

பிறகு எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. மதிய வேலை முடிந்ததும் முக்காலியில் உட்கார்ந்து பீப்பாயில் கன்னத்தைச் சாய்ப்பேன். கண் சொக்கும். மெல்ல உள்ளே இறங்குவேன். வெதுவெதுப்பான நீர், மேலுமில்லை, கீழுமில்லை. கண்ணில்லாத ஒரு சிறு கூட்டம் அவசரமில்லாமல் மென்றுகொண்டிருக்கும். என்னை யாரும் ஏனென்று கேட்பதில்லை. ஒவ்வொன்றும் ஒரு மூச்சு விடும். அது முத்தாகத் திரண்டு என் காதோரம் உரசிக்கொண்டு மேலே போகும். விழித்தால் கன்னம் சூடேறியிருக்கும். புதன்கிழமை பை லேசாக எழுந்திருப்பதுபோல் தெரிந்தது. கனவின் மிச்சமோ என்னவோ என்று தொடாமலே இருந்துவிட்டேன்.

வெள்ளி மாலை மேலாளர் வந்தார். பிஎச் எவ்வளவு என்று கேட்டார். தெரியாது என்றேன். அக்கா பையோடு இணைத்திருந்த அடுப்பைத் திருகி நெருப்பை நீட்டினாள். முதல் தடவை புஸ்ஸென்று அணைந்தது. இரண்டாவது தடவையும் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. மேலாளர் திரும்பி நடக்கத் தொடங்கினார். அக்கா அடுப்பின்மேல் உள்ளங்கையைக் காட்டிச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

“சார், அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க.”

அணைத்தார். இருட்டில் ஒரு நீல வளையம், சத்தமே இல்லாமல். கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்களிலெல்லாம் அதன் சாயல் மிதந்தது. மேலாளர் வெகுநேரம் குனிந்து பார்த்தார். பிறகு ஒரு சின்னப் பாத்திரத்தில் தண்ணீர் பிடித்துவந்து தானே அதன்மேல் வைத்தார். அது கொதிக்கும்வரை விளக்கைப் போட அவருக்கும் மனம் வரவில்லை.