பெயர் பதித்த சவர்க்காரம்

2023 செப்ரெம்பர் 14ஆம் திகதி காலை, இளைப்பாறிய தபாலதிபர் சிவசுப்பிரமணியம் மானிப்பாயில் தமது வீட்டில் காலமானார். வயது எழுபத்தெட்டு.

செத்தவீடு முடிந்த மறுநாள் அவருடைய மகள் உதயகலாவுக்குச் செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை. மரணத் துடக்கு என்பதால் அடுப்பு மூட்டவில்லை. சாப்பாடு அயலிலிருந்து வந்தது. படுக்கையில் கிடந்த தகப்பனைத் துடைப்பதும் திருப்பிப் படுக்கவைப்பதுமாக ஒன்றரை வருடம் ஓடித் திரிந்தவள் கதிரையில் இருந்தாள், எழும்பினாள், கழுவிவைத்த கோப்பைகளை மறுபடி கழுவினாள். ஐந்து மணிக்கு அவரைக் குளிப்பாட்டும் நேரம் வந்தபோது, என்ன செய்வதென்று தெரியாமல் வாளியைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

“அந்தியேட்டிக்கு நான் சவர்க்காரம் செய்து குடுக்கப்போறன்,” என்றாள் கணவன் வாகீசனிடம்.

முப்பத்தோராம் நாள் நடக்கும் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்கு, இறந்தவரின் பெயர் போட்ட பொருள் ஏதாவது கொடுத்தனுப்புவது ஊர் வழக்கம். பெரும்பாலும் பிளாஸ்ரிக் பேசின்.

“பேசினுக்கு ஓடர் குடுத்தா முடிஞ்சுதே. ஏனப்பா உந்தக் கரைச்சல்?”

“கடைச் சவர்க்காரம் போட்டாச் சொறியுது எண்டு அப்பாவுக்காகத்தானே உது செய்யப் பழகினனான். அவற்றை உடம்பிலை கடைசியாப் பட்டதும் அதுதான். அவற்றை பேரோடை ஒவ்வொரு வீட்டுக்கும் போகவேணும்.”

“காயுமே அதுக்குள்ளை?”

“நாலு கிழமை காணும். இண்டைக்கே செய்தா.”

மாதர் சங்கத்தில் பழகிய முறை அது. தேங்காயெண்ணெய், கோஸ்ரிக் சோடா, தண்ணீர். நெருப்புத் தேவையில்லை. வழக்கமாக அவள் வடிகட்டிய தண்ணீரில்தான் செய்வாள். அதைத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குடித்து முடித்திருந்தார்கள். பொறுக்க முடியாமல், சுண்ணாம்பு கூடிய கிணற்றுத் தண்ணீரை எடுத்தாள். கையுறை மாட்டிச் சோடாவைக் கொட்டியதும் சுண்ணாம்புத் தண்ணீர் பால்போலக் கலங்கி, கொதித்தது போலச் சுட்டது. கூடாத குறி என்று ஒரு கணம் நின்றாள். பிறகு ஆறவிட்டு எண்ணெயில் ஊற்றிக் கிண்டினாள். கூழ் பதம் வந்ததும் தட்டங்களில் வார்த்தாள். மறுநாள் துண்டுதுண்டாக வெட்டி, வாகீசன் மரவேலைக் கடையில் மெசினில் வெட்டுவித்துக் கொண்டுவந்த அச்சால் ஒவ்வொன்றிலும் ‘சிவசுப்பிரமணியம்’ என்று பதித்தாள்.

தகப்பனின் கட்டிலில் மண்ணிறத் தாள் விரித்து அடுக்கினாள். அதற்குப் பிறகு அந்த அறையை விட்டு அவளால் இருக்க முடியவில்லை. ஆட்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே எழும்பிப் போய் சவர்க்காரங்களைப் புரட்டிவிட்டு வருவாள். நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பதுதான் சோதனை. சுள்ளென்று இழுத்தால் காரம் அடங்கவில்லை. இழுத்தது. துப்பிவிட்டு வந்தாள். அடுத்த நாளும் இழுத்தது.

“நாக்கையும் பொரிச்சுப் போட்டு, அந்தியேட்டிக்குப் பாயாசம் எப்பிடிக் குடிக்கிறது?” என்றான் வாகீசன்.

“வாயை மூடிக்கொண்டு இருங்கோ.”

மூன்றாம் கிழமை கழிந்துதான் காரம் அடங்கியது. மேலே வெள்ளையாக மாப்போலப் பூத்திருந்தது. அன்றிரவு அவள் நன்றாகத் தூங்கினாள்.

அந்தியேட்டி வேலைக்கு ஒத்தாசையாக உடுப்பிட்டியிலிருந்து தகப்பனின் தங்கை நாகேஸ்வரி பஸ்ஸில் வந்திறங்கினார். நேரே அறைக்குள் போனார்.

“உதென்ன பிள்ளை, சவுக்காரமெல்லாம் திருநீறு பூசிக்கொண்டு கிடக்குது?” சிரித்தபடி ஒன்றை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தார். எழுத்துகள் தெரிந்தன. வாசித்ததும் கட்டிலில் வைத்துவிட்டார். சிரிப்பு நின்றுவிட்டது.

“அண்ணையின்ரை பேரையோ கக்கூசுக்குள்ளை கொண்டுபோய்க் கால் தேய்க்கிறது?”

“ஏன் மாமி, பேசினிலை பேர் போடுறேல்லையோ?”

“அது அடியிலை ஒட்டிக்கிடக்கும். ஆர் பாக்கினம்?”

“போன வருசம் கந்தப்பு மாமா வீட்டிலை தந்த பேசினிலைதானே நீங்கள் மீன் கழுவுறியள்?” என்றான் வாகீசன் வாசலில் நின்று.

“நீர் சும்மா இரும் தம்பி! மீன் கழுவினாலும் பேர் அழியேல்லை. இது தேயத் தேயப் போகுமெல்லோ?”

“பேரைத் தாளிலை அச்சடிச்சுச் சுத்திக் குடுப்பம்,” என்றான் வாகீசன்.

“சுத்தின தாளைக் குப்பையிலை போடுவினம். பேர் இல்லாமல் குடு பிள்ளை. முதல் ஆளா நான் வாங்கிறன்.”

“பேர் இல்லாட்டி உது வெறும் சவர்க்காரம் மாமி,” என்றாள் உதயகலா. குரல் உயர்ந்துவிட்டது. “நானே தேய்ச்சுக் காட்டுறன். ஒண்டும் ஆகாது.”

ஒன்றை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள். இரண்டு பேரும் குசினி வாசலில் நின்று பார்த்தார்கள். கையை நனைத்துத் தேய்த்தாள். நன்றாக நுரைத்தது. கழுவிப் பார்த்தாள், எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தது. மறுபடி, இன்னும் பலமாகத் தேய்த்தாள். இப்போது பின்னாலுள்ள எழுத்துகள் போய், ‘சிவசு’ மட்டும் நின்றது. தபாற்கந்தோரில் தகப்பனோடு வேலை செய்தவர்கள் படலையில் நின்று அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவள் மறுபடி தேய்க்கவில்லை. சவர்க்காரத்தை உள்ளங்கையில் ஏந்தித் திரும்பினாள். பிறகு குசினிக்குள் வந்து மரக்கறி வெட்டும் கத்தியை எடுத்தாள்.

“நானும் சீவட்டே?” என்றார் நாகேஸ்வரி.

“வேண்டாம் மாமி. நீங்கள் இருங்கோ.”

பொழுதுபடும் வரை கட்டிலோரம் இருந்து ஒவ்வொன்றிலும் பெயரைச் சீவி எடுத்தாள். சீவல்களை ஒரு மாஜரின் பேணிக்குள் போட்டு மூடினாள்.

அந்தியேட்டியன்று ஆண்கள் காலையில் கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்தார்கள். சாப்பாடு நடந்தது. போகும்போது ஆளுக்கொரு சவர்க்காரம் எடுத்துக்கொண்டார்கள். முதலாவதை நாகேஸ்வரி வாங்கினார். யார் செய்தது என்று இரண்டு பேர் கேட்டார்கள்.

பின்னேரம் சோறு கறி காய்ச்சிய பெரிய கிடாரங்களைக் கழுவவேண்டியிருந்தது. நாகேஸ்வரி சேலையைச் செருகிக்கொண்டு கிணற்றடியில் குந்தினார்.

“எண்ணெய் போகுதில்லை. சவுக்காரம் ஏதும் கிடக்கே பிள்ளை?”

உதயகலா மாஜரின் பேணியைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

“உது என்ன?”

“சீவினது.”

நாகேஸ்வரி பேணிக்குள் பார்த்தார். எழுத்து எதுவும் தெரியவில்லை. ஒரு பிடி அள்ளிக் கிடாரத்தில் போட்டுத் தேய்த்தார். உதயகலா தண்ணீர் அள்ளி ஊற்றினாள். இருட்டுமுன் மூன்று கிடாரங்களும் கழுவி முடிந்தன. பேணியில் ஒன்றும் மிச்சமில்லை.