அரைக் கைக்கு வெளிச்சம்

ஸல்ஹா நீலப் பேனாவால் யோகமலரின் வலது முன்கையில் குறுக்கே ஒரு கோடு போட்டாள். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கிடந்த தீத்தழும்பு அந்தக் கோட்டால் இரண்டாகப் பிரிந்தது.

“இந்தக் கோட்டுக்கு மேல மட்டும்தான் வெளிச்சம். கீழ்ப்பாதிய கறுப்புத் துணியால மூடிடுவன்” என்றாள்.

“ஏன் மிஸ், கை முழுக்கப் போட்டா என்ன?”

“முழுக்கப் போட்டா, பிறகு தோல் மாறினது வெளிச்சத்தாலயா, நாள் போகத் தானா மாறினதா எண்டு எப்படித் தெரியும் அக்கா?”

யோகமலருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. சாம்பல்தீவுக்குப் பக்கத்திலிருக்கும் சல்லியிலிருந்து இரண்டு பஸ் ஏறி, மூன்று சோதனைச் சாவடிகளில் இறங்கி நடந்து அவள் வந்தது அரைக் கையை மாற்றுவதற்காக அல்ல. உண்மையில் கைக்காகவே அவள் வரவில்லை. கழுத்துக்காகத்தான் வந்திருந்தாள்.

முந்தின வருடம் கார்த்திகையில் ஒரு மழை நாள் பின்னேரம், பெற்றோல் கலந்திருந்த மண்ணெண்ணெய் என்று தெரியாமல் ஊற்றிய குப்பி விளக்கு அவள் கையிலேயே வெடித்தது. புருஷன் கதிரவேல் ஈரச் சாக்கைப் போட்டு அணைத்தான். உயிர் தப்பியது. பெரியாஸ்பத்திரியில் ஏழு கிழமை கிடந்து புண்ணும் ஆறியது. ஆனால் ஆறின தோல் தடித்துச் சிவந்து, இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. வலது காதின் கீழிருந்து காறையெலும்பு வரை கழுத்தில் ஒன்று, கையில் ஒன்று. இரவும் பகலும் அரிப்பு. கருவாட்டுக்கு உப்புப் போடும் வேலைக்கு அவளால் போக முடியவில்லை. உப்புத்தண்ணீர் பட்டால் கை நெருப்பாய் எரிந்தது. வெளியே போனால் சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போர்த்துக்கொள்வாள். கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டாள்.

திருகோணமலை உட்துறைமுகத்துக்குக் கிட்ட, வலைக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறைகளில் ஒரு சிறிய கிளினிக் இருக்கிறது, அங்கே ஒரு பிள்ளை சிவப்பு வெளிச்சம் போட்டுத் தோலைச் சுகமாக்குகிறதாம் என்று யாரோ சொல்லித்தான் வந்தாள். இளைப்பாறிய டொக்டர் அருளம்பலம் நடத்திய கிளினிக் அது. ஸல்ஹா கிண்ணியாக்காரி, இருபத்தேழு வயது, உடற்பயிற்சிச் சிகிச்சை படித்தவள். கிழமையில் மூன்று நாள் பாதையில் குடாவைக் கடந்து வருவாள். கிண்ணியாத் துறையில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இழுக்கும் அந்த மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள். அந்தச் சிவப்பு வெளிச்ச விளக்கு, அவளுக்குப் படிப்பித்த ஒருவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. ஒரு கொப்பி அளவான தட்டையில் வரிசை வரிசையாகச் சின்னஞ்சிறு சிவப்பு பல்புகள். போட்டால் அறை முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகும். ஆனால் சூடு இல்லை.

“கழுத்துக்குப் போடுங்கோ மிஸ். கை கிடக்கட்டும்.”

“கழுத்து கண்ணுக்குக் கிட்ட. உங்கட தோல் இந்த வெளிச்சத்த எப்படித் தாங்குது எண்டு முதல்ல கையில பாக்கவேணும். பத்துக் கிழமை. நல்லதெண்டு கண்டா கழுத்துக்குப் போடுவம். இல்லாட்டி இல்லை எண்டு சொல்லிடுவன்.”

அப்போதுதான் கீழேயிருந்து படியேறி வந்த டொக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். “வெளிச்சத்தில தழும்பு மாறுமெண்டா, வெயிலில நிக்கிற மீன்காரர் ஒருத்தருக்கும் தழும்பு இருக்கக்கூடாதே ஸல்ஹா.”

“அதுதான் டொக்டர், கடைசியில நீங்களே பாத்துச் சொல்லுங்க. எந்தப் பாதிக்குப் போட்டதெண்டு நான் உங்களுக்குச் சொல்லமாட்டன். வெளிச்சம் போடக்குள்ள நீங்க இந்த அறைக்கு வரவும் கூடாது. கோட்டையும் ஒவ்வொரு நாளும் அழிச்சிடுவன்.”

டொக்டர் சிரித்தார். தன்னோடு இப்படிக் கதைக்கிறவளை அவருக்குப் பிடித்திருக்கிறது என்று யோகமலருக்குத் தெரிந்தது.

அப்படித்தான் 2006 ஆனியில் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம். கிழமைக்கொருமுறை ஸல்ஹா தழும்பின் மேல் மெல்லிய பொலித்தீனை விரித்து அதன் ஓரத்தை வரைந்தெடுப்பாள். விரலால் அழுத்தி, நிறம் எத்தனை விநாடியில் திரும்புகிறது என்று மணிக்கூட்டைப் பார்ப்பாள். “ராத்திரி அரிப்பு எப்படி?” என்று கேட்டு, மேல்பாதி, கீழ்ப்பாதி என்று கொப்பியில் தனித்தனியே எழுதுவாள்.

மூன்றாம் கிழமை முடிவில் மேல்பாதியில் அரிப்புக் குறைந்தது. கீழ்ப்பாதி அப்படியே இருந்தது. முந்தி முழுக் கையும் அரித்தபோது பொறுத்த யோகமலருக்கு, இப்போது அரைக் கை அரிப்பதைப் பொறுக்க முடியவில்லை. நாலாம் கிழமை, ஸல்ஹா திரைக்கு அந்தப்பக்கம் ஒரு வாதக்காரருக்குக் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் கறுப்புத் துணியை விலக்கிக் கையை முன்னால் தள்ளிக் கீழ்ப்பாதியையும் வெளிச்சத்தில் பிடித்தாள். காலடிச் சத்தம் கேட்டதும் பழையபடி மூடிக்கொண்டாள். அடுத்த மூன்று முறையும் அதையே செய்தாள். வீட்டில் கதிரவேலுக்கும் சொல்லவில்லை.

ஆறாம் கிழமை, வரைந்த பொலித்தீன்களை அடுக்கி வைத்துப் பார்த்த ஸல்ஹாவின் முகம் வாடிப்போனது. “ரெண்டு பாதியும் இப்ப ஒரே மாதிரி வருது அக்கா. அப்ப இது வெளிச்சத்தால இல்லை. தானா மாறுது. டொக்டர் சொன்னதுதான் சரி.”

விளக்கின் வயரைச் சுற்றி வைத்துவிட்டுக் கொப்பியைத் திறந்து அதை அப்படியே எழுதப் போனாள். “இத அனுப்பினவருக்கும் எழுதவேணும். உங்களையும் சும்மா அலையவச்சிட்டன்.”

தனக்கு ஒரு லாபமும் இல்லாத உண்மையை இவ்வளவு அமைதியாக எழுதப் போகிறவளை யோகமலர் அதுவரை கண்டதில்லை.

“எழுதாதேங்கோ மிஸ்.”

“ஏன்?”

“நான் துணியை விலத்தினனான்.”

ஸல்ஹா பேனாவைக் கீழே வைத்தாள். ஏச்சு விழும் என்று யோகமலர் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எத்தின தரம்?”

“நாலு.”

“நாலு தரமும் இருபது நிமிசமா?”

“இல்லை. பத்து இருக்கும். நீங்கள் வாற சத்தம் கேட்டா மூடிப்போடுவன்.”

ஸல்ஹா அதை எழுதினாள். எழுதி முடித்து, முன்பக்கங்களைப் புரட்டி அரிப்பென்று எழுதியிருந்த இடங்களைப் பார்த்தாள். “பிழை என்ர பக்கம்தான் அக்கா. கீழ அரிக்குது எண்டு ஆறு கிழமையா நீங்க சொல்லிக்கொண்டு இருக்கிறீங்க. நான் எழுதினன். அரிப்புக்கு ஒண்டும் தரல்ல.” எழுந்துபோய் டொக்டரிடம் கேட்டு ஒரு களிம்பு வாங்கி வந்தாள். “ரெண்டு பாதிக்கும் ஒரே அளவு பூசுங்க. நாங்க முதலாம் நாளிலயிருந்து திரும்பத் தொடங்குவம். உங்களுக்கு ஏலாதெண்டா இப்பவே சொல்லுங்க, நான் கோவிக்க மாட்டன்.”

“ஏலும்” என்றாள் யோகமலர். அன்றைக்குப் பிறகு அவள் துணியைத் தொடவில்லை. திரைக்கு அந்தப்பக்கம் ஸல்ஹா எவ்வளவு நேரம் நின்றாலும் அசையாமல் இருந்தாள்.

ஆவணி மாதம் குடாவுக்கு அந்தப்பக்கம் மூதூரில் சண்டை வெடித்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து பெரிய பீரங்கிச் சத்தம் சல்லி வரை வந்து ஓட்டுக்கூரைகளை அதிரவைத்தது. ஜனம் உடுத்த உடுப்போடு கிண்ணியாவுக்கும் கந்தளாய்க்கும் ஓடிக்கொண்டிருந்தது. பாதையும் நின்றுபோனது. ஒரு கிழமை யோகமலர் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. அடுத்த திங்கட்கிழமை றோட்டுத் திறந்தது என்று கேள்விப்பட்டுப் போனாள். கிளினிக் திறந்திருந்தது. டொக்டர் மட்டும் இருந்தார்.

“பாதை இல்லாம ஸல்ஹா எங்கால வாறது, பிள்ளை? இருந்து பாத்திட்டுப் போங்கோ” என்றார்.

பதினொரு மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் வரை செம்மண் புழுதியோடு ஸல்ஹா நின்றாள். துவாயில் சுற்றிய விளக்கைப் பிள்ளையைப் போல் நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒரு கிளாஸ் தண்ணீரைக் குடித்து முடித்த பிறகுதான் கதை வந்தது. விடியற்காலை உழவு மெசினில் ஏறித் தம்பலகாமம் சுற்றி வந்திருக்கிறாள். சாவடியில் நேவிக்காரர் வயரையும் பல்பு வரிசையையும் கண்டு வெடிகுண்டுச் சாமான் என்று பிடித்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் நிறுத்திவிட்டார்கள். தனக்குத் தெரிந்த சிங்களத்தில், இது காயத் தழும்புக்கு, நீங்களே கொளுத்திப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறாள். ஒரு அதிகாரி பற்றரியில் கொழுவச் சொல்லி, சிவப்பு வெளிச்சத்தில் தன் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு விட்டிருக்கிறார்.

“வீட்ட எப்படி?” என்று டொக்டர் கேட்டார்.

“மூதூர்ச் சனம் இருபத்திமூணு பேர் எங்கட வீட்ட. உம்மா சோறாக்கிக்கொண்டே இருக்கிறா.”

“என்ர கைக்காகவா மிஸ் இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?” என்றாள் யோகமலர்.

“நாலு பேருக்கு வந்தன். அதில நீங்க ஒராள்” என்றாள் ஸல்ஹா. “கையக் கழுவிட்டு வாங்க.”

கரண்ட் இல்லை. கீழே ஓட்டோ வைத்திருந்த தம்பிராசா தன் பற்றரியைக் கழற்றி மாடிக்குத் தூக்கி வந்தார். டொக்டர் மற்ற அறைக்குப் போனதும் ஸல்ஹா கோடு போட்டாள், துணியால் மூடினாள், இருபது நிமிடம் வெளிச்சம் பிடித்தாள். ஜன்னலுக்கு வெளியே கப்பல் ஒன்று ஊதியது. அந்தப் புழுதிக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்த யோகமலருக்கு, பொன்னும் பட்டும் போட்ட எந்தப் பெண்ணும் இவ்வளவு வடிவாகத் தெரிந்ததில்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாததால், அடுத்த முறை வரும்போது சூடைமீன் பொரியலும் சோறும் கட்டிக்கொண்டு போனாள். ஸல்ஹா அப்போது நகரில் ஒரு சிநேகிதி வீட்டில் தங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய், திங்கள் திரும்பவும் தம்பலகாமம் சுற்றி வருவாள். ஒரு திங்களும் தவறவில்லை.

புரட்டாசிக் கடைசியில் பத்துக் கிழமை முடிந்தது. ஸல்ஹா டொக்டரைக் கூப்பிட்டாள். ஏதும் முகத்தில் காட்டிவிடுவேனோ என்று வெளியே போய்ப் படியில் நின்றுகொண்டாள்.

டொக்டர் முதலில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு அதைக் கழற்றி, கண்ணை மூடிக்கொண்டு, முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பெருவிரலால் மெல்லத் தடவினார். திரும்ப ஒருமுறை தடவினார். யோகமலர் கூரையைப் பார்த்தபடி இருந்தாள்.

“மேல்பாதி” என்றார். “கொஞ்சம் மெத்தெண்டிருக்கு. தடிப்பும் பணிஞ்சிருக்கு. சிவப்பும் குறைவு.” கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார். “ஸல்ஹா, மேல்பாதி எண்டுறன். என்ன சொல்லுறீர்?”

ஸல்ஹா உள்ளே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் தெளிவாக இருந்தது. “சரி டொக்டர். ஆனா ரெண்டில ஒண்டைச் சொல்லுறது எண்டா, கண்ண மூடிக்கொண்டும் சரியாச் சொல்லலாம். இவ ஒராள். இன்னும் பத்துப் பேருக்காவது பாக்காம நான் ஒண்டும் சொல்லமாட்டன்.”

“கண்ணை மூடிக்கொண்டுதானே சொன்னனான்” என்றார் டொக்டர். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

அதன் பிறகு கழுத்து. கண்ணில் தடித்த துணி கட்டி, ஐப்பசியிலிருந்து மாசி வரை போட்டார்கள். கையின் கீழ்ப்பாதிக்கும் சேர்த்துப் போட்டாள் ஸல்ஹா. பொங்கல் கழிந்தபோது யோகமலரால் இழுவை இல்லாமல் இடப்பக்கம் கழுத்தைத் திருப்ப முடிந்தது. இரவில் அரிப்பு இல்லாமல் நித்திரை வந்தது. தழும்பு இருந்தது. ஆனால் சிவப்பு மங்கி, தோலோடு தோலாகப் படியத் தொடங்கியிருந்தது.

மாசியில் ஒரு புதன்கிழமை ஸல்ஹா புது வரைபடத்தைக் கடைசி மூன்றோடு வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “அக்கா, ஒரு மாசமா ஒரு மாற்றமும் இல்லை. இந்த வெளிச்சம் செய்யக்கூடியது இவ்வளவுதான்.”

“இன்னும் கொஞ்ச நாள் போட்டுப் பாப்பமே மிஸ். நான் வருவன்.”

“நீங்க வருவீங்க. இன்னும் மாறும் எண்டு சொல்லி உங்கள மூணு சாவடி தாண்டி வரவச்சா, அது நான் உங்களுக்குச் செய்யிற பொய்.” யோகமலரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். “வெயில் படாம பாருங்க. எண்ணெய் பூசுங்க. அரிப்புத் திரும்பினா மட்டும் வாங்க.”

படியிறங்கி வந்தபோது யோகமலருக்கு அழுகை வந்தது. துக்கமா சந்தோசமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. பஸ்ஸில் ஜன்னல்கரையில் இடம் கிடைத்தது. காற்றுக்குச் சேலைத் தலைப்பு நழுவியது; அவள் அதை இழுத்துப் போர்க்கவில்லை. பக்கத்தில் இருந்த குச்சவெளிக்காரி கழுத்தைப் பார்த்துவிட்டு, “என்ன பிள்ளை, எரிஞ்சதோ?” என்று கேட்டாள்.

“ஓம். விளக்கு வெடிச்சது.”

“பாக்கப் பயமாயில்லை. என்ன மருந்து போட்டனீங்கள்?”

யோகமலர் சிவப்பு வெளிச்சத்தைப் பற்றிச் சொன்னாள். அரைக் கைக்கு மட்டும் போட்டதையும், தான் களவாகத் துணி விலக்கியதையும், டொக்டர் கண்ணை மூடித் தடவியதையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். குச்சவெளிக்காரியின் மருமகளுக்குச் சுடுதண்ணீர் ஊற்றுப்பட்டுக் காலில் தழும்பாம்.

“அப்ப முழுக்க மாறிப்போகுமோ பிள்ளை?”

“முழுக்க மாறாது. எனக்குக் குறைஞ்சது, மற்றாக்களுக்கு எப்படியோ தெரியாது. அந்தப் பிள்ளையிட்டக் கூட்டிக்கொண்டு போங்கோ. மாறுமெண்டா மாறும் எண்டு சொல்லுவா. இல்லாட்டி இல்லை எண்டு சொல்லுவா” என்றாள் யோகமலர். கிளினிக்குக்குப் போகும் வழியை இரண்டு தரம் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் சல்லிச் சந்தியில் இறங்கினாள்.