லைட் அடிக்காத நாள்

மனைவி போன பிறகு என் பேச்சும் பாதி போய்விட்டது. பேக்கரியில் ரொட்டித் தட்டுகளை வேனில் அடுக்கும்போது "ஏத்தியாச்சா?" என்பார்கள். "ஏத்தியாச்சு" என்பேன். அத்தோடு சரி. கடைகளில் இறக்கும்போதும் அதே பாட்டுதான்.

"யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்கப்பா," என்பாள் தூரத்தில் இருக்கும் மகள், போனில்.

"பேசாம என்ன? ரோட்டுல எனக்கு ஒரு சிநேகிதர் இருக்காரு."

பொய்யில்லை. தினமும் எதிரே ஒரு பார்சல் வேன் வரும். ஓட்டுபவர் சிவப்புத் தொப்பி போட்டிருப்பார். பெயர் தெரியாது, குரலும் தெரியாது. வழியில் போலீஸ் வேகம் பார்த்துக்கொண்டு நின்றால், தாண்டி வந்தவர்கள் எதிரே வருபவர்களுக்கு இரண்டு தரம் லைட் அடித்துச் சொல்வது எங்கள் ரோட்டு வழக்கம். நான் அடிப்பேன். தொப்பிக்காரர் வேகத்தைக் குறைத்து, உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். போலீஸ் இல்லாத நாளிலும் கை தூக்குவார். அந்தக் கைக்காகவே நான் லீவு போடுவதில்லை என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் மனிதர் பறப்பார். போலீஸைத் தாண்டியதும், விட்ட நேரத்தைப் பிடிக்க இன்னும் மிதிப்பார் என்பது எனக்குத் தெரியாதா? எல்லோரும் செய்வதுதானே.

ஒரு நாள் லாரி ஒன்றை முந்திக்கொண்டு என் பக்கமே ஏறி வந்துவிட்டார். ஐயோ! ஸ்டீயரிங்கை ஒடித்து மண்ணில் இறக்கினேன். பின்னால் தட்டுகள் சரிந்து ரொட்டியெல்லாம் நாசம். அந்த ஆளோ காதில் போனை இடுக்கிக்கொண்டு, சிரித்தபடி கை தூக்கிவிட்டுப் போகிறார்!

மகளிடம் சொன்னேன்.

"இனிமே லைட் அடிக்காதீங்க. மாட்டட்டும்."

"சிநேகிதனாச்சேம்மா."

"ஆளே போய்ட்டா அப்புறம் யாருக்குப்பா லைட் அடிப்பீங்க?"

மறுநாள் போலீஸ் நின்றது. தாண்டினேன். எதிரே சிவப்புத் தொப்பி, அதே பேய் வேகம். என் விரல் லைட் சுவிட்சின் மேலேயே இருந்தது. அடிக்கவில்லை. அவர் வழக்கம்போல் கை தூக்கினார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

நேர் ரோடு. பார்சல் வேனை ஓரங்கட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

அதன் பிறகு அந்த வேனை வேறு யாரோ ஓட்டினார். லைசென்ஸைப் பிடுங்கியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பாவி, பிழைப்பில் மண் போட்டேனே என்று ஒரு பக்கம். உயிரோடு இருக்கிறாரே என்று ஒரு பக்கம்.

மழைக்காலம் முடிந்து ஒரு காலை, சிவப்புத் தொப்பி வந்தது. ஒரு லாரிக்குப் பின்னால், முந்தாமல், இடைவெளி விட்டு, பொறுமையாக. போன் இல்லை. சந்தோஷத்தில் போலீஸ் இல்லாமலே இரண்டு தரம் லைட் அடித்தேன், கையையும் தூக்கினேன்.

அவர் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

அன்று மகள் கேட்டாள், "உங்க சிநேகிதர் எப்படி இருக்காருப்பா?"

"நல்லா இருக்காரும்மா. இப்பல்லாம் மெதுவா போறாரு."

"அப்போ நின்னு நாலு வார்த்தை பேசலாமே!"

"பேசலாம்," என்றேன்.